எல்ம்பாங்கிற்கு ஒரு கோச் தேடினார்கள்

எல்ம்பாங்க் கல்லூரி புட்போல் அணியின் தலைமைக் கோச்சை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்ற செய்தி நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. பொழுதுபடுவதற்குள் என் மாமனார் குலசிங்கம் அந்தக் கதிரைக்கு மூன்று பேரைப் பிடித்துவிட்டார்.

நான் சொல்வது காலால் உதைக்கிற பந்தை அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவில் இருக்கிற ஒன்றுக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழும்புகிற விளையாட்டு. மாமாவுக்கு அதன் விதிகள் இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாதுதான், ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். மாமாவால் அது முடியாது. அவருடைய ஒரே மகன், அதாவது என் கணவர் மிதுனன், அந்த அணியில் உதவிக் கோச். அதனால் ரொறன்ரோவில் இந்த விசயத்தைப் பற்றிப் பேசத் தகுதி உள்ள ஒரே தமிழர் தான்தான் என்பது மாமாவின் எண்ணம்.

நாங்கள் மார்க்கம் நகரில் வீடு வாங்கி வந்து பல வருடமாகியும் மாமாவின் சிநேகிதர்கள் டோர்செட் பார்க்கில்தான் இருக்கிறார்கள். காலையில் காரை எடுத்துக்கொண்டு அங்கே பிளாசாவில் இருக்கும் கோப்பிக் கடைக்குப் போவார். அங்கே யேசுரட்ணம் அங்கிளும் ஹபீபுல்லாஹ் அங்கிளும் காத்திருப்பார்கள். யேசுரட்ணம் அங்கிள் முன்பு மாமா குடும்பம் இருந்த மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரர். ஹபீப் அங்கிள் கார்ப்பெட் கடை வைத்திருப்பவர். காலையில் பேசித் தீராததைப் பின்னேரம் போனில் பேசுவார்கள். மாமா போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். ஆகவே எல்லாம் என் காதிலும் விழும்.

"சஸ்காச்சுவான்காரன் கெட்டிக்காரன்தான், யேசு. ஆனா பிறந்த தேதியை எடுத்துப் பாத்தனான். ஏழரைச் சனி நடக்குது. உவனை எடுத்தா ஒரு கோப்பையும் வராது."

"நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கு உந்தச் சனி வியாழன் விளங்காது. ஆனா ஆள் சரியான தூரம் பாருங்கோ. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது எண்டா உடன வந்து நிக்கேலுமோ?"

"அப்ப மொன்றியல்காரன்?" என்று ஹபீப் அங்கிள் கேட்டார். "மூண்டு தரம் வெண்டு குடுத்தவனாமே."

"வெண்டு என்ன செய்யிறது? ரெண்டு தரம் டிவோர்ஸ். கட்டினவளோட இருக்கத் தெரியாதவன் தொண்ணூறு பெடியளோட எப்பிடி இருப்பான்?"

மூன்றாமவன் ஓர் அமெரிக்கன். இவனை யேசுரட்ணம் அங்கிளின் மருமகன் விமான நிலையத்திலிருந்து தன் டாக்சியில் ஏற்றிவந்தானாம். ஆளுக்குக் கழுத்தே இல்லையாம். அடுத்த நாள் கழுத்தில்லாத அதே ஆள் ஹபீப் அங்கிளின் கடைக்கு வந்து பச்சைக் கார்ப்பெட் என்ன விலை என்று கேட்டிருக்கிறான். பச்சை என்றால் மைதானம், மைதானம் என்றால் கோச், இதற்குமேல் என்ன வேண்டும்? உண்மையில் அந்த மனிதர் ஒஹாயோவிலிருந்து மாநாட்டுக்கு வந்த பல் வைத்தியர். நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கும் வந்து என் முதலாளியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். நான் அதைச் சொல்லவில்லை. அவர்கள் அவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள்.

கோச் தேடுகிறார்களா, மாப்பிள்ளை தேடுகிறார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. ஹபீப் அங்கிள் ஒரு கேள்வி கேட்கும்வரைதான் அந்தச் சிரிப்பு.

"ஏன் குலம், உங்கட மிதுனனுக்குக் குடுக்க மாட்டாங்களோ?"

மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "உவனுக்கோ? உவன் கத்தவே மாட்டானே. நாய்க்குட்டி குறுக்க படுத்திருந்தாலும் 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லி விலத்திப் போறவன். கோச் எண்டாக் கத்தவேணும்."

நான் அரிசி கழுவிக்கொண்டிருந்த சட்டியைத் தொட்டிக்குள் போட்ட சத்தத்தில் மாமா திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, கை வழுக்கிட்டுதோ?" என்றார். "ஓம் மாமா" என்றேன். வேறென்ன சொல்வது?

மிதுனனும் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். பழைய கோச்சோடு உதவிக் கோச்மாரின் ஒப்பந்தமும் முடிகிறது. தலைமை வேலை கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ரெஜைனாவில் ஓர் அணி கூப்பிடுகிறது, ஜனவரியில் அங்கே நிற்கவேண்டும். என் வேலை, எங்கள் மகன் கஜீவனின் பள்ளிக்கூடம், வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். மாமா வரமாட்டார், அது நிச்சயம். டோர்செட் பார்க் கோப்பிக் கடைக்குக் காரில் போக முடியாத ஊர் எதுவும் அவருக்கு ஊர் இல்லை. அந்த வேலை கிடைக்கவேண்டும் என்று மிதுனனைவிட நான்தான் கூடுதலாக நேர்ந்துகொண்டேன். ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு என் குரல் அலுத்துப்போயிருக்கும்.

கல்லூரி இந்த அலுவலை ஆள் தேடிக் கொடுக்கும் ஒரு கம்பனியிடம் விட்டிருந்தது. அவர்கள் மிதுனனிடம், மைதானத்துக்கு வெளியே அவரைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். ஒரு நிபந்தனை. எதற்காக விசாரிக்கிறார்கள் என்பது அந்த ஆட்களில் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. வெளியே கதை போனால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

மிதுனன் யோசித்து யோசித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடக் காலத்தில் பின்னேர வேலை தந்த ஹபீப் அங்கிள். பக்கத்து வீட்டு யேசுரட்ணம் அங்கிள். சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பித்த ஜெயமலர் அன்ரி. கோச் எடுக்கும்போது குடும்பத்தையும் சேர்த்துத்தான் எடுப்பார்களாம், ஆகவே மாமாவும் நானும்.

"அப்பாட்டச் சொல்லிப்போடாதையும். சொன்னா நாளைக்கு றேடியோவில வரும்" என்றார் மிதுனன்.

"கவலைப்படாதையும். இவ்வளவு பேரில ஆர் உம்மைப்பற்றிக் கூடாமச் சொல்லப்போகினம்?" என்றேன் நான். அந்த வாயைத் தைத்திருக்கவேண்டும்.

முதலில் ஜெயமலர் அன்ரி வந்தார். கையில் ஒரு பெரிய சட்டி நண்டுக்கறி. வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தடவி, "சாப்பிடு மயூரி, உடம்பை விட்டிடாதை" என்றார். எனக்கு என்ன வருத்தம் என்று அன்ரி நினைக்கிறார் என்று விளங்கவில்லை. நண்டுக்கறி நல்லாயிருந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஹபீப் அங்கிள் ஒருநாள் மாமாவை இறக்கிவிட வந்தார். கார்த் தரிப்பில் பனி தள்ளிக்கொண்டிருந்த மிதுனனின் தோளில் கை வைத்து, "தம்பி, கிடைச்சதை வச்சுச் சந்தோசமா இருக்கோணும். கண் அங்கயும் இங்கயும் போகப்படாது" என்றார். மிதுனன் என்னிடம் வந்து, "ஹபீப் அங்கிளுக்கு ரெஜைனாக் கதை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். பாவம்.

அதற்கடுத்த நாள் மாமா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அலுமாரியைத் திறந்து, காலமான மாமியின் காப்புகளை எடுத்து என் கையில் வைத்து மூடினார்.

"நீ பயப்பிடாதை பிள்ளை. வீடு என்ர பேரிலயும் இருக்கு. ஆர் போனாலும் நீ இஞ்சைதான். நானும் இஞ்சைதான்."

பத்து வருடத்தில் மாமா எனக்குத் தந்தது புத்திமதி மட்டும்தான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மனுசனுக்கு ஏதோ வருத்தம், டொக்டர் நாள் குறித்துவிட்டார், சொல்லாமல் மறைக்கிறார் என்று நினைத்து ஜெயமலர் அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"மாமாவுக்கு ஒண்டுமில்லை" என்றார் அன்ரி. "நீ திடமா இரு. நாங்கள் எல்லாரும் சேந்து அந்தப் பேச்சை முறிச்சுப்போட்டம்."

"எந்தப் பேச்சை?"

"உன்ர மனுசனுக்குக் கல்யாணம் பேசுற பேச்சைத்தான்! ஒரு பெட்டை போன் எடுத்தவ. நல்ல வடிவான தமிழ். மிதுனனைத் தெரியுமோ, குணம் எப்பிடி, கோவம் வருமோ, குடிப்பழக்கம் இருக்கோ, ஒரு இடத்தில நிலைச்சு நிப்பாரோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டவ. ஏன் பிள்ளை கேக்கிறீர் எண்டா, அதைச் சொல்லேலாது அன்ரி எண்டுறா. காரணம் சொல்லாமல் ஒரு பெடியனைப்பற்றி என்னத்துக்கு விசாரிப்பினம்? எங்களுக்கு விளங்காதே?"

"அன்ரி, அவருக்குக் கல்யாணம் முடிஞ்சு பத்து வரியம்!"

"அதைத்தானே பிள்ளை நானும் சொல்லுறன்!"

அவர்கள் சும்மா அந்த முடிவுக்கு வரவில்லை. சாட்சி இருந்தது. மிதுனன் புதுக் கோட்டும் சூட்டும் வாங்கினார். முடி வெட்டுகிற கடையை மாற்றினார். ரிச்மண்ட் ஹில்லில் ஒரு ரெஸ்ரோரண்டில் ஒரு வெள்ளைக்காரியோடு இருந்து சாப்பிட்டதை யேசுரட்ணம் அங்கிள் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டிருக்கிறார். அந்தப் பெண் கல்லூரியின் விளையாட்டுத்துறைத் தலைவி. கூடவே மேசையில் இருந்த இரண்டு ஆண்களை அங்கிள் காணவில்லை.

"அன்ரி, நீங்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கோவம் வந்தாச் சட்டி பானை பறக்கும் எண்டனான்" என்றார் அன்ரி பெருமையாக. "யேசுரட்ணம் அண்ணை, பெரிய குடிகாரன், சனிக்கிழமையில எழும்பவே மாட்டான் எண்டு சொன்னவராம். ஹபீப் நானா மட்டும் பொய் சொல்லமாட்டன் எண்டுபோட்டு, கடையில கார்ப்பெட் சுருளுக்குள்ள படுத்துக் குறட்டை விட்டதைச் சொல்லியிருக்கிறார். உன்ர மாமாதான் திறம். 'தகப்பன் நானே சொல்லுறன், உவனுக்குக் குடுக்காதேங்கோ, குடுத்தா அழிஞ்சு போவீங்கள்' எண்டு சொல்லிப்போட்டு வச்சவராம்."

போட்டிகள் எல்லாம் சனிக்கிழமைகளில்தான் நடக்கும். நான் போனை வைத்துவிட்டுக் குசினியில் அடுப்படியோடு தரையில் இருந்துவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்பாக இருக்கிறவர்களைத் திட்டவும் முடியாது, அவர்கள் கொளுத்திவிட்ட வீட்டுக்குள் நின்று நன்றி சொல்லவும் முடியாது.

மாமா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரகசியமாவது மண்ணாவது.

"கோச் வேலைக்கோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப உவனும் போட்டியில இருந்தவனோ?" மாமாவின் முகம் சிவந்தது. "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? நான் ஊர் முழுக்க அமெரிக்கன் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன்!"

"மாமா! அவருக்கு வேலை கிடைக்காட்டி நாங்கள் ரெஜைனாவுக்குப் போகவேணும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கால் சப்பாத்துக்குள்ளும் மற்றக் கால் வெளியிலுமாகப் படியில் இருந்தார். "கஜீவனையும் கொண்டோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "நான் என்ர வாயால..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பிறகு போனை எடுத்து அந்தப் பெட்டையின் நம்பரைத் தேடினார். நம்பர் வரவில்லை, 'பிறைவேட்' என்று மட்டும் இருந்தது. அதையே இரண்டு மூன்று தரம் அழுத்திப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

அடுத்த நாள் மத்தியானம் கிளினிக்குக்குப் பின்னால் காருக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் போன் வந்தது.

"வணக்கம், என்ர பேர் அஸ்ரா. உங்கட கணவர் மிதுனனைப் பற்றி..."

நான் அவளை முடிக்க விடவில்லை. ரெஸ்ரோரண்டு, சூட்டு, நண்டுக்கறி, காப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மற்றப் பக்கத்தில் ஒரு சிரிப்பு, அடக்கி அடக்கி, கடைசியில் அடக்கமுடியாமல்.

"அக்கா, எனக்கு முதல் போனிலயே விளங்கிட்டு. எனக்கும் கல்யாணம் பேசுற வயசில மூணு நானாமார். எங்கட வீட்டுக்கும் இப்பிடிப் போன் வரும், உம்மாவும் இப்பிடிப் போன் எடுப்பா. ஆனா ஏன் விசாரிக்கிறன் எண்டு சொன்னா என்ர வேலை போயிடும். வேற வழியில்லாம, எங்கட உம்மா கடைசியாக் கேக்கிற கேள்வியை நானும் கேட்டன். உங்கட மகளெண்டாக் குடுப்பீங்களோ எண்டு."

"என்ன சொன்னவை?"

"ஜெயமலர் அன்ரி, 'ரெண்டு பெட்டையள் இருக்கு, ஒண்டை அந்த நேரமே குடுத்திருப்பன், மயூரி முந்திட்டாள்' எண்டா. கார்ப்பெட் கடை அங்கிள் 'கட்டாயம்' எண்டார். மற்ற அங்கிள், 'எனக்கு ஒரே மகள், அவளைக் கட்டினவன் டாக்சி ஓட்டுறான், அந்தக் கவலையைக் கிளறாதேங்கோ' எண்டார்."

"மாமா?"

"அவர் வைக்கப் போனவர். நான் அவசரமாக் கேட்டன். 'என்ர மகளைத்தானே பிள்ளை அவனுக்குக் குடுத்திருக்கு' எண்டுபோட்டு வச்சிட்டார். அவருக்கு மகள் இருக்காக்கா?"

"இல்லை" என்றேன். கார்க் கண்ணாடி எல்லாம் புகார் பிடித்து மங்கியிருந்தது. நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது.

அஸ்ரா பொறுத்திருந்து கேட்டாள். "இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஒரு மகள் இருந்தா, இவரைப்போல ஒருத்தருக்குக் குடுப்பீங்களா?"

மற்ற எல்லோரும் ஓம் என்றுவிட்டார்கள். நானும் ஓம் என்றால் அலுவல் முடிந்தது. ஆனால் கேட்டது என்னிடம்.

"மாட்டன்" என்றேன்.

"அக்கா?"

"ஓகஸ்ட் பிறந்து பயிற்சி தொடங்கினா எனக்கு மனுசன் இல்லை. போன வரியம் எங்கட கல்யாண நாளண்டைக்கு நான் கட்டின சாறியோட வீட்டு ஹோலுக்குள்ள இருந்தனான். டீமில ஒரு பெடியனுக்குக் கால் முறிஞ்சு போச்சு. அவன்ர தாய் ஹலிஃபக்ஸிலயிருந்து வந்து சேருமட்டும் இவர் ஆஸ்பத்திரிக் கதிரையை விட்டு எழும்பேல்லை. எனக்கு ஒரு போன்கூட இல்லை, மறந்தே போனார். உப்பிடி ஒரு ஆளுக்கு நான் ஏன் பொம்பிளைப்பிள்ளையைக் குடுக்கப்போறன்?"

நான் விடவில்லை.

"ஆனா பிள்ளை, நீங்கள் பிழையான கேள்வியெல்லோ கேக்கிறீங்கள். அந்தக் கொலிஜுக்கு என்னத்துக்கு மகள்? அங்க இருக்கிற தொண்ணூறும் ஆரோ பெத்த ஆம்பிளைப்பிள்ளையள். என்ர மகனை அவரிட்டக் குடுப்பீங்களோ எண்டு கேளுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு குடுப்பன். இந்த வரியம் எல்லா மச்சிலயும் தோத்தவை. ஒரு நாளாவது ஒருத்தனைப் பாத்துக் கத்தினவரோ எண்டு போய்க் கேட்டுப் பாருங்கோ. ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லித்தான் பஸ்ஸில ஏத்துவார்."

"இதை நான் இங்கிலிஷில எப்பிடி எழுதிறது?" என்றாள் அஸ்ரா.

"அப்பிடியே எழுதுங்கோ. மனுசி குடுக்கமாட்டாளாம், தாய் குடுப்பாளாம் எண்டு."

அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. மாமா கோப்பிக் கடைக்குப் போகவில்லை. சஸ்காச்சுவான்காரனின் சனியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மிதுனனுக்குப் போன் வந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "தாங்க் யூ, தாங்க் யூ" என்று மெல்லிய குரலில் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது. கட்டிப்பிடித்தேன். மாமா மூன்று பேருக்குமாக ஒரு கத்துக் கத்தினார். உடனே போனை ஸ்பீக்கரில் போட்டு, "யேசு, நான் அப்பவே சொன்னனான்!" என்று தொடங்கினார்.

நாங்கள் போகவேண்டியதில்லை. கஜீவன் அதே பள்ளிக்கூடம், மாமா அதே அறை. நான் பாயாசத்துக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் மிதுனன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"எங்க?"

"வின்சருக்கு. அங்க நல்லா விளையாடுற ஒரு பெடியன் இருக்கிறான். வேற கொலிஜும் அவனைக் கேக்குது. தாயோட நேர கதைச்சாத்தான் விடுவாவாம்."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான் மயூரி. நாளைக்கெண்டாப் பிந்திப்போம்."

டிசம்பர்தான், ஓகஸ்ட் வரவேயில்லை. எனக்குச் சந்தோசமும் இருந்தது, கரண்டியை எறியவேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாலைக் குறைத்துவிட்டு வாசல்வரை போனேன். அவர் காரின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாய் உம்மைப்பற்றி ஆரிட்டையாவது விசாரிக்கவேணும் எண்டா," என்றேன், "என்ர நம்பரைக் குடும்."

"என்ன சொல்லுவீர்?"

"ஆம்பிளைப்பிள்ளைதானே. குடுக்கச் சொல்லுவன்."